கியர்பொக்ஸ் தப்பியது: அக்குறணையிலிருந்து கெலிஓயா வரை ஒரு சத்தத்தைத் தேடி

கியர்பொக்ஸில் கோளாறு இல்லை. கெலிஓயாவில் கராஜ் நடத்தும் செல்வராஜ் இதை நேற்று, செவ்வாய்க்கிழமை மாலை, தொலைபேசியில் எனக்கு உறுதிப்படுத்தினார். கியர் எண்ணெயை வடித்து ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்ததாகவும், துணியில் இரும்புத் தூள் படியவில்லை என்றும் சொன்னார். படமும் அனுப்பியிருந்தார். பழுப்பு நிறத்தில் ஒரு கறை, அவ்வளவுதான். அந்தக் கறையைப் பார்க்கத்தான் சனிக்கிழமையிலிருந்து காத்திருந்தோம்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஃபரீதாவின் நீலக் காரைத் தெரிந்திருக்கும். புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன்: எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கண்டிக்கு வெளியே போய் நான் எழுதியவற்றில் பாதிக்கு மேல் அந்தக் காரின் முன் ஆசனத்தில் இருந்து போனவைதான். ஃபரீதா கணித ஆசிரியை. வீடு அக்குறணை ஏழாம் கட்டையில், அதாவது ஏழாவது மைல்கல்லருகே. பாடசாலை அலவத்துகொடவுக்கு அப்பால் மேட்டில். கார் இருபத்திரண்டு வருடம் பழையது, சின்னது, கையால் கியர் மாற்றுவது.

இரண்டு மாதங்களாக அதில் ஒரு சத்தம் இருந்தது. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது கால்களுக்குக் கீழே ‘டொக்’ என்று கேட்கும். தொடக்கத்தில் யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டியது போல இருந்தது. போன மாதம் தரைத் தகட்டைக் கீழிருந்து உதைப்பது போல ஆகிவிட்டது. ஃபரீதாவின் மூத்த சகோதரர் நஸீர், அவர் சொல்வது போல நஸீர் நானா, தனக்குத் தெரிந்த ஒரு கராஜில் காரைக் காட்டினார். அங்கே பொனட்டைக்கூடத் திறக்காமல் ‘கியர்பொக்ஸ் போய்விட்டது’ என்றார்களாம். பாவித்த ஒன்றை வாங்கிப் போட ஒன்றரை இலட்சம் ரூபாய், அதற்கும் உத்தரவாதம் இல்லை. விற்றுவிடலாம் என்பது நானாவின் முடிவு. மாத்தளையில் ஓர் ஆளையும் பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காசோடு வருவதாக ஏற்பாடு.

பழுது கியர்பொக்ஸில்தான் என்றால் விற்கச் சம்மதம் என்று ஃபரீதா சொல்லியிருந்தார். அதனால் கார் அவரிடம் இருக்குமா இல்லையா என்பது அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில் தங்கியிருந்தது. கார் போனால் பாடசாலைக்கு இரண்டு பஸ். இரண்டாவது பஸ் காலையில் இரண்டு தடவைதான் ஓடுகிறது. ஆனால் அவர் கவலைப்பட்டது பஸ்ஸைப் பற்றி அல்ல.

“கார் இல்லாட்டி எங்க போறதுண்டாலும் நானாட்ட செல்லணும்,” என்றார் வெள்ளிக்கிழமை இரவு தொலைபேசியில்; அக்குறணைப் பேச்சில் ‘செல்வது’ என்றால் சொல்வது. “நானா நல்லவர்தான் அக்கா. ஆனா செல்லணும்.”

சனிக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குக் கண்டியில் மாத்தளை பஸ் எடுத்தேன். அக்குறணைக்குப் பத்துக் கிலோமீற்றர், எண்பது ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். வார நாளில் இதே பயணத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஏழாம் கட்டையில் இறங்கினால் கடைகள் அப்போதுதான் கதவு தூக்கிக்கொண்டிருந்தன. பிரதான வீதியிலிருந்து ஃபரீதாவின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை கொங்கிரீட் போட்டது, நூறு மீற்றர்கூட இல்லை, ஆனால் நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டும். அதன் உச்சியில், மூக்கை மேலே தூக்கிக்கொண்டு கார் நின்றது. பின் சில்லுக்கு அடியில் தேங்காய் அளவில் ஒரு கல்.

“அக்கா, அந்தக் கல்ல ஒருக்கா எடுத்துடுங்க,” என்றார் ஃபரீதா, உள்ளே ஏறிக்கொண்டே.

காலால் தள்ளினேன். உருண்டு போயிற்று. ஒரு காரைத் தாங்கிக்கொண்டு நிற்கும் கல் இவ்வளவு இலகுவாக உருளுமா என்று எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு வாசலில் நானா தேநீர்க் கோப்பையுடன் நின்றார். ஹார்ட்வெயார் கடைக்காரர், அறுபதை நெருங்குகிறவர், எப்போதும் சிரித்த முகம்.

“நீங்களும் நியூஸ் எடுக்க வந்தீக்கிறீங்களா? கியர்பொக்ஸ் மௌத்தாப் போன செய்திதான் போட ஈக்கி.”

“செத்தது எண்டு ஆர் உறுதிப்படுத்தினது?” என்று கேட்டேன்.

“கராஜ்காரர் செல்லிட்டாரே.”

“திறந்து பாத்தவரோ?”

“தொறக்க என்னத்துக்கு? சத்தமே செல்லுது.”

“ஒரே ஆள் சொன்னதை நான் முப்பது வருசமாப் பேப்பரில போடேல்லை, நஸீர்.”

“போடுங்க, போடாதீங்க. நாளைக்கு மாத்தளையாலருந்து ஆள் வார.” சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அங்கிருந்து அலவத்துகொடவுக்கு ஆறு கிலோமீற்றர். மாத்தளைப் பக்கமாகப் போகும் அந்த வீதியில் ஏற்றம், இறக்கம், சமதளம் மூன்றும் இருப்பதால் சோதனைக்கு நல்லது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்கால்களைத் தரைத் தகட்டில் வைத்துக்கொண்டேன். சத்தம் காதுக்கு வருமுன்னே காலில் தெரிந்தது. இடது காலைவிட வலது காலில் கூடுதலாக, அதாவது காரின் நடுப்பக்கமாக, முன்னால்.

ஃபரீதா தன் பங்குக்கு வகுப்பறையில் செய்வதைச் செய்தார். “ஒரே நேரத்துல ரெண்ட மாத்தினா கணக்கு வராது,” என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். கிளச்சை வழமை போல விட்டார்: டொக். மிக மெதுவாக விட்டார்: சத்தம் பாதியாகக் குறைந்தது. மேட்டில் பெரிதாகவும் சமதளத்தில் சிறிதாகவும் கேட்டது. எட்டாம் கட்டையைத் தாண்டிய பிறகு, மூன்றாம் கியரில் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது, ஆக்சிலேட்டரிலிருந்து காலைப் படக்கென்று எடுத்தார். டொக். திரும்ப அழுத்தினார். டொக். அதையே இன்னும் இரண்டு தடவை செய்தார்.

“அக்கா, இப்ப நான் கியர் மாத்தினேனா?”

“இல்லை.”

“கை எங்க ஈந்திச்சு?”

“ஸ்டியரிங்கில.”

“அப்ப கியர்ல குத்தம் செல்றது எப்பிடி?”

வீதியோரமாக நிறுத்தினார். இரண்டு மாதமாக எல்லோரும், நானும் சேர்த்து, அதைக் கியர் மாற்றும் சத்தம் என்றே சொல்லி வந்தோம். அந்தப் பெயரே கராஜ்காரரைக் கியர்பொக்ஸுக்குக் கொண்டு போயிருக்கலாம். கியர் மாற்றும்போதும் கேட்கிறது என்பதுதான் சரியான விவரம்.

அலவத்துகொடவில் பிளேன் டீயும் முட்டை ரொட்டியும் சாப்பிட்டோம். கடைக்குப் பின்னால் ஒரு மைதானம். முன் சில்லுகளைச் சுழற்றும் தண்டின் மூட்டுத் தேய்ந்திருந்தால், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வட்டம் போடும்போது ‘கட கட’ என்று கேட்கும் என்று ஃபரீதா எங்கோ பார்த்து வைத்திருந்தார். ஆகவே வலப்பக்கம் மூன்று வட்டம், இடப்பக்கம் மூன்று வட்டம். வெளியே ஓட்டோவில் சாய்ந்து நின்ற ஒருவர் கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டார்.

“டீச்சர், லைசன் எடுக்கப் பழகுறீங்களா?”

“இல்ல தம்பி, வட்டத்துட பரப்பளவு பாக்கிறன்.”

“பாத்து முடிஞ்சா செல்லுங்க. எனக்குத் தல சுத்துது.”

வட்டங்களில் ஒரு சத்தமும் இல்லை. மூட்டும் விலகியது. இதற்கு மேல் காரில் இருந்துகொண்டு எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

கெலிஓயாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், கண்டியில் எங்கள் மேல் மாடியில் இருப்பவர் தன் வேனைப் பல வருடமாகச் செல்வராஜிடம்தான் கொடுக்கிறார் என்பது. அலவத்துகொடவிலிருந்து கட்டுகஸ்தோட்டை, கண்டி, பேராதனை வழியாக ஏறக்குறைய இருபத்தெட்டுக் கிலோமீற்றர். பத்து மணிக்குப் புறப்பட்டோம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் வாகனங்கள் நின்று நின்று நகர்ந்தன. அங்கே சத்தத்தை எண்ணுவதை விட்டுவிட்டேன். மகாவலி கலங்கலாக, நிறையத் தண்ணீருடன் ஓடியது. பேராதனையில் பூங்காவின் முன் உல்லாசப் பயணிகளின் பஸ்கள் வரிசையாக நிற்க, ஒரு தூறல் வந்து ஐந்து நிமிடத்தில் போயிற்று. ஃபரீதா கண்ணாடியை இறக்கிவிட்டு, தன் வகுப்பில் புதிதாக வந்திருக்கும் ஒரு பிள்ளை எல்லா விடையையும் சரியாக எழுதிவிட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி போடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். சத்தம் இருந்தாலும் நல்ல பயணம். பதினொன்று நாற்பதுக்குக் கெலிஓயா.

கராஜில் குழிக்கு மேல் ஒரு சிறிய லொறி நின்றது. அதற்கு அடியிலிருந்து குரல் வந்தது: “யாரு? இருங்க, வந்துட்டேன்.” செல்வராஜ் ஐம்பதைத் தாண்டியவர், புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கையைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறி, கம்பளை வீதியில் ஒரு நடை ஓட்டிவிட்டு வந்தார்.

“கியர்பொக்ஸாத்தான் இருக்கும் டீச்சர். எறக்கிப் பாத்தாத்தான் தெரியும்.”

ஃபரீதாவின் முகம் விழுந்தது. இரண்டாவது ஆளும் அதையே சொன்னால் என் விதிப்படி அது செய்தியாகிவிடும். நான் ஏதோ கேட்க வாயெடுக்குமுன் ஃபரீதா தொடங்கினார்.

“ஒரு நிமிசம். மூணாம் கியர்லயே வெச்சிட்டு காலெ எடுத்தாலும் அடிக்குது. திரும்ப மிதிச்சாலும் அடிக்குது. கிளச்ச மெதுவா விட்டா கொறயுது. ஃபுல்லா ஒடச்சுச் சுத்தினா ஒண்ணும் இல்ல.”

செல்வராஜ் அவரை ஒரு தடவை பார்த்தார். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்க கேக்கலயே.”

“அதுவுஞ் சரிதான். பொனட்ட தெறங்க.”

அவர் செய்த சோதனை எளிது. பழைய கார் வாங்கப் போகும் எவரும், காருக்கு முன்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, செய்யலாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஃபரீதாவைக் கால் பிரேக்கையும் அழுத்தமாக மிதிக்கச் சொன்னார். முதலாம் கியர், பிறகு கிளச்சைக் கொஞ்சமாகத் தூக்கி உடனே மிதிப்பது. கார் நகரக் கூடாது, இஞ்சின் மட்டும் இழுக்க வேண்டும். இஞ்சின் மொத்தமாக ஒரு பக்கம் துள்ளியது.

“ஓரமா நின்னு பாருங்க மேடம். ஆட்டுக்குட்டி மாதிரி குதிக்குது. டீச்சர், இப்ப ரிவர்ஸ் போடுங்க.”

இஞ்சின் மறுபக்கம் சாய்ந்து இரும்பில் மோதியது. டொக். இரண்டு மாதமாகக் காலுக்கடியில் கேட்ட அதே சத்தம், இப்போது என் கண்ணெதிரே.

இஞ்சினும் கியர்பொக்ஸும் ஒரே கட்டியாக, இறப்பர் வைத்த மூன்று தாங்கிகளில் உட்கார்ந்திருக்கின்றன. கராஜில் அவற்றை மவுண்ட் என்கிறார்கள். இந்தக் காரில் பின்புறத் தாங்கியின் இறப்பர் இரும்பை விட்டுக் கிழிந்திருந்தது. இன்னொன்று வெடித்திருந்தது. செல்வராஜ் டோர்ச் அடித்துக் காட்டினார். கிழிந்த இடத்துக்குள் என் சுண்டுவிரல் போயிற்று.

“வண்டிய எங்க நிப்பாட்டுறீங்க?” என்று கேட்டார்.

“வீட்டு வாசல்ல. ஏத்தத்துல.”

“ஹேண்ட் பிரேக் போட்டு?”

“இல்ல, ஃபர்ஸ்ட் கியர்ல. மழ நாள்ல ஹேண்ட் பிரேக் போட்டா ராவைக்குப் புடிச்சிக்கும், காலைல அசையாது. எங்கட ஒழுங்கையில ஒருத்தரும் ஹேண்ட் பிரேக் இழுக்கிறல்ல.”

“ஒருத்தருமா?”

“ஒருத்தரும்.”

“விலாசத்தக் குடுங்க டீச்சர், நான் அங்கயே கராஜ் போட்டுர்றேன்.”

அவர் விளக்கியது இது. கியரில் போட்டுவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் ஒரு சாண் பின்னால் உருண்டு, கியரில் மாட்டி நிற்கிறது. அந்த இரவு முழுக்கக் காரின் பாரம் கியர் வழியாக இந்த இறப்பரில்தான் தொங்குகிறது. பிறகு சில்லுக்குக் கீழே வைக்கும் கல் ஒரு பாரத்தையும் தாங்குவதில்லை. காலையில் அது ஏன் அவ்வளவு சுலபமாக உருண்டது என்று அப்போதுதான் விளங்கியது. இதுதான் ஒரே காரணமா என்று கேட்டேன். “அப்படிச் சொல்ல மாட்டேன் மேடம். எறப்பருக்கும் வயசாச்சு. ஆனா இப்படி நிப்பாட்டலன்னா இன்னும் ரெண்டு மூணு வருசம் ஓடியிருக்கும்.”

கியர்பொக்ஸ் நல்லதா என்ற கேள்விக்கு அவர் பதில் தரவில்லை. எண்ணெயை வடித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது, குழியில் லொறி நிற்கிறது, செவ்வாய்க்கிழமைதான் முடியும். கார் அதுவரை அங்கேயே நிற்கட்டும் என்றார். மாத்தளை ஆளோ மறுநாள் காலை வருகிறார்.

ஃபரீதா கராஜ் வாசலில் இருந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, நானாவுக்கு அழைப்பெடுத்து, நான் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“நானா, மாத்தளை ஆள வர வேணாமுண்டு செல்லுங்க.”

“ஏன், கியர்பொக்ஸ் நல்லமா?”

“தெரியா. செவ்வாக்கெழமதான் தெரியும்.”

“தெரியாமயா வேணாமுங்கிற? இந்தாள உட்டா திரும்ப வரமாட்டார், தங்கச்சி.”

“வராட்டி பெய்த்துக்கட்டும்.”

“அப்ப அந்தச் சத்தம் எங்காலருந்து?”

“இஞ்சின் தாங்கிற றப்பர் கிழிஞ்சீக்கி. ஹேண்ட் பிரேக் போடாம கியர்ல நிப்பாட்டினதால.”

“அத ஆரு உனக்குப் பழக்கினது?”

“நீங்கதான்.”

“அப்பிடி நிப்பாட்டினா ஒண்ணும் ஆகாது,” என்றார் நானா. “நானும் அப்பிடித்தானே நிப்பாட்டுறன்.”

“உங்கட வண்டியும் காலைல பார்க்கிங் கியர்லருந்து எடுக்கக்குள்ள டொக்குண்டு செல்றதுதானே.”

“அது ஓட்டோமெட்டிக் கியர். புது வண்டி. அப்பிடித்தான் செல்லும்.”

லொறிக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். கெலிஓயாவிலிருந்து கண்டிக்கு ஐம்பது நிமிடம். அங்கே ஃபரீதா மாத்தளை பஸ்ஸுக்கு மாறினார். சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தவர் வழியில் கைப்பையை இரண்டு தடவை திறந்து பார்த்தார். மாத்தளை ஆள் ஞாயிற்றுக்கிழமை அக்குறணையிலேயே வேறொரு காரை வாங்கிவிட்டார் என்று நஸீர் எனக்குச் சொன்னார். திங்கட்கிழமை ஃபரீதா இரண்டாவது பஸ்ஸைத் தவறவிட்டு, ஓட்டோ பிடித்து, முதலாம் பாடம் தொடங்கிய பிறகே வகுப்புக்குப் போனார். மைதானத்தில் பரப்பளவு கேட்டவரின் ஓட்டோதான் கிடைத்தது. அவர் வழி முழுக்க அதைப் பற்றியே பேசினாராம். நேற்றுச் செல்வராஜின் செய்தியைச் சொன்னபோது ஃபரீதா, “துணியில ஒண்ணுமே இல்லயா?” என்றார். இல்லை என்றேன். “அந்தப் படத்த எனக்கும் அனுப்புங்க.” அரை மணி நேரத்துக்குள் அது நானாவின் தொலைபேசிக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

பழைய சின்னக் காரில் இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கண்டியைச் சுற்றி நீங்கள் தங்கப் போகும் இடங்களில் பாதிக்கு வாசல் ஏற்றத்தில்தான் இருக்கும். நிறுத்தும்போது கால் பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். கியரை நியூட்ரலில் விட்டுக் காலை மெல்ல எடுத்து, பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்த பிறகு கியரைப் போடுங்கள். கல்லையும் வையுங்கள், சில்லோடு ஒட்டி. மழைக்குப் பிறகு ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொண்டால் பயப்பட வேண்டாம். முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும், விடாவிட்டால் அதைத் துப்புரவாக்குவது சிறு வேலை என்கிறார் செல்வராஜ். சத்தம் கேட்டால் கராஜுக்குப் போகுமுன் அது எப்போது கேட்கிறது, எப்போது கேட்கவில்லை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கேட்காத நேரங்கள் கூடுதல் உதவியாக இருக்கும். அன்றைய ஓட்டத்துக்குப் பெற்றோல் இரண்டாயிரம் ரூபாய் பிடித்தது. பார்த்ததற்குச் செல்வராஜ் பணம் வாங்கவில்லை. இரண்டு தாங்கிகளும் கூலியுமாகப் பதினெட்டாயிரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்.

மீதி நிலவரம் இதுதான். புதிய தாங்கிகள் கொழும்பிலிருந்து நாளை, வியாழக்கிழமை, பஸ்ஸில் வருகின்றன. வெள்ளிக்கிழமை பிற்பகல் பொருத்திக் காரைக் கொடுப்பதாகச் செல்வராஜ் சொல்கிறார். சத்தம் முற்றாகப் போகுமா என்பதை ஓட்டிப் பார்த்த பிறகே சொல்வாராம். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஃபரீதாவைத் தன் காரில் கெலிஓயாவுக்குக் கூட்டிக்கொண்டு வர நஸீர் நானா ஒத்துக்கொண்டிருக்கிறார். தங்கச்சியை இறக்கிவிட மட்டுமே வருவதாக இன்று காலை என்னிடம் இரண்டு தடவை வலியுறுத்தினார். தன் காரின் பொனட்டையும் திறக்க விடுவாரா என்று கேட்டதற்கு, கடையில் ஆள் நிற்பதாகச் சொல்லி அழைப்பை வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மூன்று மணியளவில் தெரியவரும்.